ஏடு எழுதாத சபை

சங்கம் என்று ஒன்று ஏற்பட்டால் அதற்கு ஒரு காரியதரிசியும், அவர் கையில் ஒரு நடவடிக்கைப் புத்தகமும் இருந்தே தீரவேண்டும் என்பது நம்மவர்களின் நெடுநாளைய நம்பிக்கை. யார் வந்தார், யார் என்ன சொன்னார், எது தீர்மானமாயிற்று என்பதைச் சென்ற கூட்டத்துக் குறிப்பிலிருந்து வாசித்துக் காட்டிய பிறகுதான் அடுத்த விஷயத்துக்கே போவோம். ஆனால் டெபியன், உபுண்டு, மோசில்லா, பைத்தான் முதலிய பெயர்களால் இன்று உலகமெங்கும் வழங்கும் திறமூல மென்பொருள்களை ஆக்கியவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், தேசம் தேசமாகப் பிரிந்திருந்துகொண்டே, இருபது வருஷங்களுக்கு மேலாக அன்றாடம் கூடிப் பேசிய இடமோ, தன்னிடத்தில் பேசப்பட்ட ஒரு வார்த்தையைக்கூட எழுதிவைக்கக் கடமைப்படாத இடம். ஐ.ஆர்.சி. என்று மூன்றெழுத்தில் வழங்கும் அந்த அரட்டைச் சாதனத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அதை வாட்ஸ்அப்பின் பாட்டனார் என்று வருணித்து விட்டுவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதனுடைய பிரதானமான குணம் அதன் மறதிதான். திறமூல சமூகத்தாரிடையே வேரூன்றிய சம்பிரதாயங்களில் பாதிக்கு மேற்பட்டவை அந்த மறதியை ஈடுகட்டுவதற்காகப் பிறந்தவை. 2021-ஆம் ஆண்டில் அவர்களிடையே மூண்ட பெருங்கலகமும், அந்த மறதிக்கு விலக்காக அவர்கள் வைத்துக்கொண்டிருந்த ஒரே ஒரு பதிவேட்டை முன்னிட்டு மூண்டதே.

பின்லாந்தில், போத்னியா வளைகுடாவின் கரையில் அமைந்த ஔலு நகரத்துச் சர்வகலாசாலையில், 1988-ஆம் வருஷத்துக் கோடையில், யார்க்கோ ஓய்க்கரினென் என்ற இளைஞர் தம் துறைக்குரிய சன் கணினி ஒன்றைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். அவ்வேலை அவருடைய பொழுது முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஔலுபாக்ஸ் என்று, பொதுமக்களும் வந்து செய்தி எழுதிப் படித்துப் போகக்கூடிய கணினிப் பலகை ஒன்று அங்கே இருந்தது; பலர் ஏககாலத்தில் சம்பாஷிப்பதற்கென்று எம்.யு.டி. என்ற சிறு நிரலும் அதிலே இருந்தது. அந்த நிரலோ அடிக்கடி படுத்துக்கொள்ளும் சுபாவமுடையது. அதற்குப் பதிலாக வேறொன்றை எழுதலாம் என்று ஓய்க்கரினென் உட்கார்ந்ததன் பயனாக, ஆகஸ்டு மாத இறுதியில் 'இன்டர்நெட் ரிலே சாட்' பிறந்தது. பெயரிலுள்ள 'ரிலே' என்ற சொல், பிட்நெட் என்ற சர்வகலாசாலை வலையில் 1985 முதல் வழங்கிவந்த ஒரு பேச்சுச் சாதனத்தினிடமிருந்து வந்தது. முதல் சர்வரின் பெயர் தோல்சுன். சில மாதங்களுக்குள் ஹெல்சிங்கியும் தாம்பெரேயும் சேர்ந்துகொண்டன. பிறகு அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி டென்வரிலும் ஆரிகனிலும் உள்ள சர்வகலாசாலைகள் சேர்ந்தன. 1989-ஆம் வருஷத்து நடுப்பகுதியில் உலகமெங்கும் சுமார் 40 சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு துறைக் கணினியில் ஓய்வு வேளையில் எழுதப்பட்ட நிரல் ஒன்று, எவருடைய உத்தரவும் எவருடைய மூலதனமும் இன்றி, ஒரு வருஷத்துக்குள் இவ்வளவு தூரம் பரவியது அந்தக் காலத்துச் சர்வகலாசாலைகளின் தாராள மனப்பான்மைக்கு ஒரு சாட்சி.

இந்தச் சாதனத்தின் அமைப்பைச் சற்று நிதானித்துப் பார்ப்பது அவசியம். ஏனென்றால் பிற்கால விருத்தாந்தம் யாவும் இதற்குள்ளே அடங்கியிருக்கிறது. பல ஊர்ச் சர்வர்களும் ஒன்றோடொன்று, எந்த இடத்திலும் வளையம் விழாதபடி, கிளைகிளையாக இணைந்திருக்கும். ஒருவர் சானல் எனப்படும் ஓர் அரட்டை அறையில் ஒரு வரியைத் தட்டினால், அது சர்வருக்குச் சர்வர் கைமாறி, அந்த நிமிஷத்தில் அங்கே இருப்பவர்களின் திரைகளில் விழுந்து, அத்துடன் தீர்ந்துபோகும். காலட்சேபம் பாதி நடந்த பின் வந்து உட்கார்ந்தவருக்காகப் பாகவதர் சீதா கல்யாணத்தை மறுபடி ஆரம்பிப்பதில்லை, ஐ.ஆர்.சி. சர்வரும் அப்படியே, தாமதமாக வந்தவருக்குப் பழைய பேச்சில் ஒரு வரிகூடக் காட்டாது. சானலுக்கும் ஸ்திரமான இருப்பு என்பது கிடையாது. இல்லாத ஒரு பெயரைச் சொல்லி முதலில் ஒருவர் பிரவேசித்தால் அந்தக் கணத்தில் சானல் உண்டாகும். அவர் பெயருக்கு முன்னால் '@' என்ற குறி தோன்றும். பிறரை வெளியேற்றவும், தலைப்பு வரியை மாற்றவும், கதவைச் சாத்தவும் அதிகாரம் அவருடையது. கடைசி ஆசாமி வெளியேறினால் சானலும் இல்லை, அதிகாரமும் இல்லை, நேற்றுவரை அது யாருடையதாக இருந்தது என்ற தடயமும் இல்லை.

1993-ஆம் வருஷம் மே மாதத்தில் ஓய்க்கரினெனும் டேரன் ரீடும் சேர்ந்து இந்த நியதிகளை ஆர்.எஃப்.சி. 1459 என்ற எண்ணுள்ள ஆவணமாக வெளியிட்டார்கள். ஒரு செய்தி, முடிவுக்குறி உட்பட, 512 எழுத்துக்களைத் தாண்டக்கூடாது; புனைபெயர் ஒன்பது எழுத்துக்களுக்கு மேற்படக்கூடாது என்பன போன்ற விதிகளுக்கு நடுவில் விசித்திரமான விதி ஒன்றும் இருக்கிறது. சதுர அடைப்புக்குறி பெரிய எழுத்தென்றும், சுருள் அடைப்புக்குறி அதற்கு இணையான சிறிய எழுத்தென்றும் கொள்ளவேண்டுமாம். பின்லாந்திலும் சுவீடனிலும் அக்காலத்தில் வழங்கிய கணினி எழுத்து வரிசையில், தங்கள் பாஷைக்குரிய உயிரெழுத்துக்களுக்கு இடம் போதாமல், அடைப்புக்குறிகளின் இருப்பிடங்களில் அவற்றைக் குடிவைத்திருந்தார்கள். அதனால் வந்த விதி இது. பின்லாந்தைக் கண்ணாலும் காணாத பிரேசில் தேசத்தான் ஒருவன் தன் புனைபெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதினாலும் சுருள் அடைப்புக்குள் எழுதினாலும் இரண்டும் ஒரே ஆள்தான் என்று சர்வர் சாதிப்பதற்குக் காரணம், ஔலு நகரத்தாரின் தாய்மொழி.

1991-ஆம் வருஷத்து வளைகுடா யுத்தத்தின்போதும், அதே வருஷம் ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோதும், அந்தந்த இடத்திலிருந்தவர்கள் கண்டதைக் கண்டபடி ஐ.ஆர்.சி.யில் தட்டினார்கள் என்பது பலரும் எடுத்துச் சொல்லும் பெருமை. அந்தப் பேச்சுக்கள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. ஆனால் சாதனம் அவற்றைக் காப்பாற்றவில்லை. யாரோ சிலர் தத்தம் கணினியில் பிரதி எடுத்து வைத்தார்கள்.

மறதியின் தொல்லைகள் சீக்கிரத்திலேயே வெளிப்பட்டன. இரண்டு சர்வர்களுக்கு நடுவிலுள்ள இணைப்பு அறுந்தால் வலை இரண்டு துண்டாகும்; ஒரு துண்டில் இருப்பவர்களுக்கு மறு துண்டிலுள்ளவர்கள் அனைவரும் ஒரே மூச்சில் வெளியேறியதாகத் திரையில் வரிவரியாக விழும். 'நெட்ஸ்ப்ளிட்' என்பார்கள். அந்த வேளை பார்த்து, ஆளில்லாமற்போன துண்டில் ஒருவன் புகுந்து சானலை முதலில் உண்டாக்கினால், நியதிப்படி அதிகாரக் குறி அவனுக்கு. துண்டுகள் மறுபடி ஒட்டும்போது உள்ளே வந்த அதிகாரியாக அவனும் நிற்பான். நின்றவுடன் உண்மையான அதிகாரிகளை ஒவ்வொருவராக வெளியே தள்ளுவான். இந்தக் கொள்ளைக்குப் பயந்தும், சானல் கலைந்துபோகாமல் இருக்க எவரேனும் சதா உட்கார்ந்திருக்க வேண்டுமென்பதாலும், பாட் என்று சொல்லப்படும் தானியங்கி நிரல்களைக் காவல் வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. 1993-இல் ராபி பாயின்டர் எழுதிய எக்டிராப் அவற்றுள் நெடுநாள் புகழ் பெற்றது. வலையும் ஒன்றாக இருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் தம் சர்வரை இணைத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்டிருந்த பெர்க்கிலியின் எரிஸ் என்ற சர்வரை விலக்கி 1990-இல் இஎஃப்நெட் உருவாயிற்று. 1992-இல் அண்டர்நெட்டும், 1994-இல் டால்நெட்டும், 1996-இல் ஐரோப்பியர்களில் பெரும்பாலோரைக் கூட்டிக்கொண்டு ஐஆர்சிநெட்டும் பிரிந்தன. இந்தத் தாயாதிச் சண்டைகளின் உள்விவரங்கள் ரசமானவை என்று நான் சொல்லமாட்டேன்.

கட்டற்ற மென்பொருள்காரர்கள் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் எளிது. லினக்ஸை நிறுவிய பிறகு திரை இருண்டு கிடந்தால் யாரிடம் போய்க் கேட்பது? விற்றவர் என்று ஒருவர் இல்லை. இலவசமாகக் கிடைத்த பொருளுக்கு உத்தரவாதச் சீட்டும் இல்லை. ராபர்ட் லெவின் என்பவர், லைலோ என்ற புனைபெயருடன், லினக்ஸ் கற்பவர்களுக்கு உதவுவதற்காக லின்பீப்பிள் என்ற சானலை 1990-களின் நடுவில் நடத்திவந்தார். அது ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்குக் குடிபெயர்ந்து, இறுதியில் தனக்கென்று சர்வர்களை வைத்துக்கொண்டு, 1998-இல் ஓப்பன் புராஜெக்ட்ஸ் நெட்வொர்க் என்ற பெயரையும், 2002-இல் ஃப்ரீநோட் என்ற பெயரையும் பூண்டது. லெவின் சர்ச்சைக்கு அப்பாற்பட்ட மனிதர் அல்லர். வலை முழுவதற்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பு அனுப்பி நன்கொடை கேட்கும் அவருடைய வழக்கம் பலருக்கு எரிச்சலூட்டியது. எனினும், அரட்டை வலையொன்றைச் சண்டைக்களமாக அல்லாமல் வேலைக்களமாக நடத்த முடியும் என்று காட்டியவர் அவர் என்பதை அவருடைய எதிரிகளும் மறுத்ததில்லை.

அவரும் அவருடைய சகாக்களும் செய்த ஏற்பாடு, மறதியுள்ள சபைக்கு ஒரு சிறிய பதிவேட்டைக் கொடுத்ததுதான். நிக்சர்வ், சான்சர்வ் என்ற இரண்டு சேவகர்கள் புனைபெயரையும் சானலையும் அவற்றின் உரிமையாளரையும் பதிந்துவைப்பார்கள். சானல் காலியானாலும் உரிமை போகாது. இத்தகைய சேவகர்கள் வேறு சில வலைகளிலும் இருந்தார்கள். ஃப்ரீநோட்டின் விசேஷம் அந்தப் பதிவேட்டுக்கு ஒரு தர்மசாஸ்திரத்தை வகுத்ததில் இருக்கிறது. ஒற்றை '#' குறியோடு தொடங்கும் பெயர் அந்தப் பெயரையுடைய திட்டத்தாருக்கே உரியது. முன்கூட்டி வந்து அதில் உட்கார்ந்தவர் எவராயினும், திட்டத்தார் வந்து கேட்டால் இடத்தை ஒழித்துக் கொடுக்கவேண்டும். இரட்டைக் குறியான '##' போட்டுத் தொடங்கும் சானல்கள், ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச விரும்பும் எவருக்கும் பொது. முதலில் வந்தவனுக்கே அதிகாரம் என்ற பழைய நியதி இவ்வாறு மாறி, வேலை செய்கிறவனுக்கு உரிமை என்று ஆயிற்று. இன்னொரு சிறப்பும் உண்டு. ஒருவர் எந்த ஊர்க் கணினியிலிருந்து வருகிறார் என்ற முகவரி பிறர் கண்ணுக்குத் தெரிவது ஐ.ஆர்.சி.யின் இயல்பு, ஃப்ரீநோட்டில் அதை மறைத்து, அவ்விடத்தில் 'உபுண்டு/மெம்பர்' என்றோ 'விக்கிமீடியா' என்றோ திட்டத்தின் பெயரை இடும் மேலங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். எந்தத் திட்டத்தையும் சாராதவருக்கு 'சாராதவர்' என்றே எழுதிய மேலங்கி கிடைத்தது. பட்டமும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் வருஷக்கணக்கில் உழைத்தவர்களுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பிரியமானதாக இருந்தது என்பதை வெளியார் அறிவது கடினம்.

எழுதிவைக்கும் கடமை சர்வருக்கு இல்லாததால், அது பேசுகிறவர்களின் தலையில் விழுந்தது. சானலைவிட்டு வெளியேறுவதே கூடாது என்பது முதல் சம்பிரதாயம். எங்கோ ஒரு சர்வரில் ஸ்க்ரீன் என்ற நிரலுக்குள், 1999-இல் தீமோ சிரைனென் என்ற மற்றொரு பின்லாந்துக்காரர் எழுதிய இர்ஸி என்ற ஐ.ஆர்.சி. நிரலை ஓடவிட்டு, தாம் தூங்கப் போனாலும் தம் புனைபெயர் மட்டும் சானலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். காலையில் எழுந்து, மேலே உருட்டி, தம்மைப் பெயர் சொல்லி அழைத்த வரிகளைத் தேடிப் படிப்பார்கள். ஆகவே ஐந்நூறு பேர் இருக்கும் சானலில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பத்து நிமிஷத்தில் பதில் வராததால் கோபித்துக்கொண்டு போகிறவன் புதியவன் என்று எளிதில் தெரிந்துபோகும்; ஐந்நூறு பேரும் இருக்கிறார்கள், ஆனால் ஐந்து பேர்கூட விழித்திருக்கவில்லை. 'ஒரு சந்தேகம் கேட்கலாமா?' என்று அனுமதி கோருவது அங்கே மரியாதையாகாது. கேள்வியை நேரே போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் மரியாதை, ஏனென்றால் அனுமதி தரவேண்டியவர் மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்க்கும்போது கேட்டவர் போயிருப்பார். நீண்ட பிழைச்செய்தியைச் சானலிலேயே கொட்டினால் பிறர் பேச்சு மேலே ஓடி மறைந்துவிடும். அதனால் அதைப் பேஸ்ட்பின் எனப்படும் இணையப் பலகை ஒன்றில் இட்டு, விலாசத்தை மட்டும் தரவேண்டும். தினம் ஐம்பது பேர் ஒரே சந்தேகத்தைக் கேட்கும் உபுண்டு சானலில் உபாட்டு என்ற பாட் இருந்தது. ஓர் ஆச்சரியக்குறியும் ஒரு சொல்லும் தட்டினால், மனப்பாடம் செய்த விடையை ஒப்பிக்கும். மனிதர்கள் பொறுமை இழந்து வைது அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

கூட்டங்களுக்கு வேறொரு பாட் காரியதரிசியாக அமைந்தது. தலைவர் 'ஸ்டார்ட் மீட்டிங்' என்ற கட்டளையை '#' குறியோடு தட்டினால் மீட்பாட் விழித்துக்கொள்ளும். விஷயம் மாறும்போது 'டாபிக்', ஒருவர் தலையில் வேலையைக் கட்டும்போது 'ஆக்ஷன்', முடிவு ஏற்படும்போது 'அக்ரீட்' என்று அவ்வப்போது தட்டிக்கொண்டே வந்தால், 'எண்ட் மீட்டிங்' என்று சொன்ன மறுகணம் நடவடிக்கைக் குறிப்பு சுத்தப்பிரதியாக வந்து நிற்கும். எதிரெதிர்க் கண்டங்களில் இருப்பவர்களுக்குள் பொதுவான கடிகாரம் வேண்டுமென்று யு.டி.சி. கணக்கில் நேரம் குறிப்பார்கள். பதினான்கு மணிக்குக் கூட்டம் என்றால் சென்னையில் மாலை ஏழரை, ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்து கை கால் அலம்பி உட்காரச் சரியான வேளை. நிரலில் யார் எந்தத் திருத்தத்தைச் சேர்த்தாலும் அதைச் சானலில் வந்து அறிவிப்பதற்கு சிஐஏ என்ற விளையாட்டுப் பெயருள்ள பாட் ஒன்று 2003 முதல் ஆயிரக்கணக்கான திட்டங்களுக்கு இலவசமாகச் சேவகம் செய்துவந்தது. 2012 செப்டம்பரில் அதை வைத்திருந்த இடத்தில் ஏற்பட்ட ஒரு பிசகினால் அது அழிந்தது. அதற்குப் பிரதியும் இல்லை. ஞாபகம் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு முன்னறிகுறி. அதை அன்று யாரும் அவ்விதமாகப் படித்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவில் இந்தச் சாதனம் அடைந்த ஒரு பிரயோகம் தனியே குறிப்பிடத் தக்கது. வங்காளத்திலுள்ள துர்காபூரின் லினக்ஸ் பயனர் குழுவார் 2008 முதல் கோடைக்கால வகுப்பொன்றை முழுவதும் ஐ.ஆர்.சி.யிலேயே நடத்திவந்தார்கள். படம் இல்லை, குரல் இல்லை. ஆசிரியர் தட்டும் வரிகள்தாம் பாடம். வகுப்பு தொடங்கியதும் ஆஜர் எடுப்பார்கள். மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தட்டுவார்கள். நடுவில் சந்தேகம் வந்தால் உடனே கேட்கக்கூடாது. ஓர் ஆச்சரியக்குறியை மட்டும் தட்டிவிட்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வேகமான இணைப்பு கிட்டாத சிற்றூர்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு, எழுத்து மட்டுமே போய்வரும் அந்த ஒடுங்கிய பாதை ஒரு குறையாக அல்லாமல் அனுகூலமாகவே முடிந்தது. தமிழில் பேசுவோருக்கோ அதே பாதை இன்னும் ஒடுங்கியது. 512 என்ற எல்லை உண்மையில் எழுத்துக்களுக்கு அல்ல, பைட்டுகளுக்கு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோட் முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று வேண்டும். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல், புள்ளியும் விசிறியும் தனித்தனிக் கணக்காக, பதினைந்து பைட் தின்றுவிடும். அனுப்புகிறவரின் பெயரும் சானலின் பெயரும் போக, ஒரு வரியில் ஏறத்தாழ 140 தமிழ்க் குறிகளே மிஞ்சும். அதைத் தாண்டினால் கடைசி எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழுந்து, திரையில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வந்து நிற்கும். புனைபெயரையோ தமிழில் வைத்துக்கொள்ளவே வழியில்லை. என்னைப் போன்ற நீண்ட வாக்கியப் பிரியர்களுக்கு உகந்த இடமல்ல என்று சொல்லவும் வேண்டுமா?

2006-ஆம் வருஷம் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஜூன் மாதத்தில் டெபியன் திட்டத்தார் தங்கள் அதிகாரபூர்வமான இருப்பிடத்தை ஃப்ரீநோட்டிலிருந்து, 2001-இல் தொடங்கப்பெற்ற ஓஎஃப்டிசி என்ற வலைக்கு மாற்றிக்கொண்டார்கள். செப்டம்பரில், ஹூஸ்டன் நகரத்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த லெவின், கார் மோதி, சில நாட்கள் நினைவிழந்து கிடந்து, 16-ஆம் தேதி காலமானார். தலைவர் மறைந்தால் வலை சிதறும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், ஊதியமில்லாத் தொண்டர்கள் அதை ஏற்று நடத்தினார்கள், சர்வர்களைப் பல ஸ்தாபனங்கள் இனாமாகக் கொடுத்திருந்தன, நாளடைவில் ஐ.ஆர்.சி. வலைகளுக்குள் மிகப் பெரியது அதுவே என்ற நிலையும் ஏற்பட்டது.

இதற்கிடையில் வெளியுலகம் சானல் என்ற கருத்தைத் தனதாக்கிக்கொண்டுவிட்டது. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர் ட்விட்டரில் குழுக்களைக் குறிக்க '#' குறியை உபயோகிக்கலாம் என்று யோசனை சொன்னபோது அவர் மனத்தில் இருந்தது ஐ.ஆர்.சி. சானல்தான், ஸ்லாக் என்ற ஆபீஸ் அரட்டை, கம்ப்யூட்டர் விளையாட்டொன்றைச் செய்துகொண்டிருந்த குழுவினர் தங்கள் உபயோகத்துக்கு ஐ.ஆர்.சி.யைச் சுற்றிக் கட்டிக்கொண்ட கருவியிலிருந்து முளைத்தது. அந்த ஸ்லாக்கே 2018 மே மாதத்தில், ஐ.ஆர்.சி. வழியாகத் தன்னுள் வரும் வாசலை மூடிற்று. புதியவை யாவும் பேசியதைப் பேசியபடி ஞாபகம் வைத்திருந்தன. வாரம் ஒருமுறை எட்டிப்பார்ப்பவனுக்கும் விட்ட இடத்திலிருந்து காட்டின. ஸ்க்ரீனும் இர்ஸியும் வைத்துக்கொள்ளத் தெரிந்தவனே பிரஜை என்ற நிலை, புதியவர்களை வாசலிலேயே தடுக்கிறது என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. 1998 முதல் தங்களுக்கென்று தனி ஐ.ஆர்.சி. சர்வர் வைத்திருந்த மோசில்லாக்காரர்கள், தொல்லை கொடுப்பவர்களைத் தடுக்கத் தக்க கருவிகள் அதில் இல்லை என்பதை முக்கியமான காரணமாகச் சொல்லி, 2020 மார்ச்சில் அதை மூடிவிட்டு மேட்ரிக்ஸ் என்ற புதிய சாதனத்துக்குப் போனார்கள்.

ஃப்ரீநோட்டின் கதை வேறுவிதமாக முடிந்தது. அந்தப் பெயரில் பிரிட்டனில் பதிவான கம்பெனி ஒன்று இருந்தது. 2017-இல் அப்போதைய தலைவர் அதை ஆண்ட்ரு லீ என்ற தொழிலதிபருக்கு மாற்றிக் கொடுத்தார். மாநாடுகள் நடத்துவதற்கான கம்பெனி அது என்றும், வலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் தாங்கள் நம்பியிருந்ததாகத் தொண்டர்கள் பிற்பாடு சொன்னார்கள்; வலையும் அதன் பெயரும் சட்டப்படி தம்முடையவை என்று லீ சொன்னார். விவாதம் முற்றி, 2021 மே 19-ஆம் தேதி தொண்டர்கள் கூட்டாக ராஜிநாமா செய்து, சுவீடனில் லாபநோக்கற்ற சங்கமாகப் பதிவு செய்த லிபரா சாட் என்ற புதிய வலையைத் திறந்தார்கள். அதே வாரத்தில் உபுண்டு, விக்கிமீடியா முதலிய பெரிய திட்டங்கள் இடம் மாறத் தொடங்கின. புறப்படுகிறவர்கள் பழைய சானலின் தலைப்பு வரியில் புதிய விலாசத்தை எழுதிவைத்துப் போனார்கள். மே மாத இறுதியில், தலைப்பில் லிபராவின் பெயர் காணப்பட்ட நூற்றுக்கணக்கான சானல்களை ஃப்ரீநோட் நிர்வாகம் ஒரே மூச்சில் தன் வசப்படுத்தியது. இன்னும் யோசித்துக்கொண்டிருந்த திட்டத்தாருக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஜூன் மாதத்தில் நிர்வாகம் வேறொரு மென்பொருளுக்கு மாறியபோது, பழைய பதிவேட்டைக் கொண்டுவராமலே மாறிற்று. இருபது வருஷத்துப் புனைபெயர்களும், சானல் உரிமைகளும், மேலங்கிகளும் ஒரு பொழுதில் இல்லாமற்போயின.

கம்பெனிச் சட்டத்தின்படி யார் கட்சி பலமுள்ளது என்ற விசாரணையை வக்கீல்களுக்கு விட்டுவிடலாம். எனக்கு வியப்பாக இருப்பது குடிபெயர்ந்தவர்களின் வேகம். ஒரு கம்பெனியின் அரட்டைக் களஞ்சியத்தில் பத்து வருஷப் பேச்சு சேர்ந்திருந்தால் அதை விட்டுப் போக மனம் வராது, ஐ.ஆர்.சி.காரர்களுக்கோ விட்டுப்போக அங்கே பதிவேட்டைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. பழைய பேச்செல்லாம் அவரவர் கணினியில் இருந்தது. பாட்களும் அவரவர் சர்வரில் ஓடின. தங்கள் நிரலில் சர்வரின் பெயரை ஒரு வரியில் மாற்றி எழுதினார்கள், நிக்சர்வில் மறுபடி பெயர் பதிந்தார்கள், ஒற்றைக் குறிக்கும் இரட்டைக் குறிக்கும் உரிய பழைய தர்மத்தை லிபராவிலும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

லிபராவுக்கும் மேட்ரிக்ஸுக்கும் நடுவில், மேட்ரிக்ஸ் தரப்பார் நடத்திய பாலம் ஒன்று இரண்டு வருஷம் வேலை செய்தது. அடிக்கடி திணறியதும், அதன் வழியே வருகிறவர்களைக் கண்காணிப்பதில் ஏற்பட்ட சிரமமும் லிபராக்காரர்களின் புகார்கள். அவற்றுக்கு அடியில் சுபாவ வேற்றுமை ஒன்றும் இருந்தது என்று நினைக்கிறேன்: மேட்ரிக்ஸ் எல்லாவற்றையும் எழுதிவைக்கும்; லிபராவிலோ, சானலின் பேச்சைப் பிரசுரிக்க விரும்புகிறவர் அங்கிருப்பவர்களுக்கு அதைத் தெரிவிக்கவேண்டும் என்பது ஃப்ரீநோட் காலத்திலிருந்து வந்த ஆசாரம். 2023 நவம்பரில் பாலத்தை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இப்போது சில திட்டத்தார் மேட்ரிக்ஸில் ஓர் அறையும் லிபராவில் ஒரு சானலும் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே வார்த்தைகளைச் சுமந்து செல்லும் பாட் ஒன்றைத் தாங்களே ஓட்டுகிறார்கள். அது நின்றுவிட்டால் ஒரு பக்கத்தார் பேசுவது மறுபக்கத்தாருக்குக் கேட்பதில்லை. எவரேனும் கவனித்து அதை மறுபடி கிளப்பிவிட வேண்டியிருக்கிறது.